ஆறு பேருக்கு ஒரு அண்ணன்

குரும்பலூரிலிருந்து தகரப்பெட்டியோடு திருச்சி காலேஜுக்குக் கிளம்பியபோது எனக்குப் பதினேழு வயசு. சின்ன வெங்காயம் விற்ற காசில் அப்பா ஹாஸ்டல் பீஸ் கட்டியிருந்தார்.

முதல் மாசமே ஆட்டம் கண்டுவிட்டேன். ராகிங்கைக்கூடச் சமாளித்துவிடலாம், வகுப்பில் ஓடிய இங்கிலீஷைச் சமாளிக்க முடியவில்லை. பிளஸ் டூ வரை தமிழ் மீடியம் அல்லவா! ஒரு ராத்திரி பெட்டியைக் கட்டிவிட்டேன். விடிந்தால் பெரம்பலூர் பஸ்.

மாடி ரூம் எம்.எஸ்ஸி. அண்ணன் பார்த்துவிட்டார். ஏன் போறேன்னு கேட்கவில்லை. "சாப்டியாடா?" என்றார். டீக்கடைக்குக் கூட்டிப்போனார். திரும்பி வந்து என் இயற்பியல் புத்தகத்தைப் பிரித்து, வரி வரியாகத் தமிழில் சொன்னார். ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம். "பாரு, அதே வார்த்தைங்கதான் திரும்பத் திரும்ப வருது. ஒரு நூறு வார்த்தை பழகிட்டா போதும்." பெட்டியை அவிழ்த்தேன்.

இதோடு முடிந்திருந்தால் நல்ல கதை.

நானும் எம்.எஸ்ஸி.க்கு வந்தேன். பரீட்சைக்கு முந்தின ராத்திரி, ஒரு ஃபர்ஸ்ட் இயர் பையன் கதவோரம் வந்து நின்றான். "அண்ணே, கொஞ்சம் பேசணும்." "நாளைக்கு வாப்பா" என்றேன். மறுநாள் அவன் கட்டில் காலி. ஊருக்குப் போனவன் திரும்பவே இல்லை.

1996-ல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் நாவரசு, சீனியர் ஒருவரால் கொல்லப்பட்டார். அடுத்த வருஷமே தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. 2009-ல் இமாசலத்தில் அமன் கச்ரு என்ற மாணவர் ராகிங்கில் இறந்தார். அதே வருஷம் யு.ஜி.சி. புது விதிகள் போட்டது. அதில் ஒன்று பலருக்குத் தெரியாது. புதுசாக வருகிற ஆறு பேருக்கு, தானாக முன்வருகிற ஒரு மாணவர் வழிகாட்டி. அப்படி ஆறு வழிகாட்டிகளுக்கு, அவர்களுக்கும் மூத்தவர் ஒருத்தர்.

கணக்கு அருமை. ஆனால், நோட்டீஸ் போர்டில் பேர் ஒட்டினால் மட்டும் அண்ணன் கிடைத்துவிடுவாரா? ராத்திரி பத்து மணிக்கு ஒருத்தன் வந்து நிற்கும்போது புத்தகத்தை மூட மனசு வர வேண்டுமே. எனக்கு வரவில்லை.

இன்றைக்குக் குரும்பலூரிலேயே அரசுக் கல்லூரி இருக்கிறது. ஆனாலும் வெளியூர் போய்ப் படிக்கிற பிள்ளைகள் இருக்கத்தானே செய்கிறார்கள்? தகரப்பெட்டி டிராலி பேக் ஆகிவிட்டது. உள்ளே இருக்கிற பயம் அதேதான்.

உங்கள் வீட்டுப் பிள்ளை ஹாஸ்டலில் தங்கி பி.ஜி. படிக்கிறதா? இன்றைக்கு போன் பண்ணும்போது மார்க்கைக் கேட்காதீர்கள். 'பக்கத்து ரூம் ஃபர்ஸ்ட் இயர் பையன் சாப்டானாப்பா?'ன்னு கேட்டுப்பாருங்கள்.