குதிரையின் தாகம்

சித்தூரில் வளர்ந்தவர்களுக்குக் கோடை இரண்டு பெயர்களில் வரும். வீட்டில் தமிழ் பேசுகிற நாங்கள் சித்திரைக் கடைசியிலிருந்தே கத்திரி வெயில் என்று சொல்லி அஞ்சிக்கொண்டிருப்போம். அது ஒருவாறு கழிந்ததென்று மூச்சு விடுவதற்குள், தெலுங்கு பேசுகிற அண்டை வீட்டார் ரோகிணி கார்த்தெ பிறந்துவிட்டதென்றும், அந்தப் பதினைந்து நாளில் உரலும் வெடித்துப் போகுமென்றும் சொல்வார்கள். நீவா நதி வெறும் மணலாகக் கிடக்கும். ஊற்றுத் தோண்டி அகப்பையால் நீர் மொள்ளும் பெண்களும் பொழுது ஏறுமுன் வீடு திரும்பிவிடுவார்கள். நடுப்பகலில் தெருவில் நாய்கூட நடமாடாது. மனிதருக்கும் பறவைக்கும் நாய்க்கும் நிழல் தேடி ஒதுங்கும் சுதந்திரம் இருக்கிறது. ஆனால் தன் இஷ்டப்படி ஓரடியும் எடுத்து வைக்க முடியாமல் வண்டியில் பூட்டப்பட்டு நிற்கும் ஜீவன்களுக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. அவற்றுள் குதிரையைப் பற்றி இங்கே எழுத விரும்புகிறேன். ஏனெனில் ஒரு கோடையின் உச்சி வேளையில் ஒரு ஜட்காக் குதிரைக்கு அதன் எஜமானர் செய்த பணிவிடையை அருகில் அமர்ந்து பார்த்த காட்சி, எழுபது ஆண்டுகள் கழிந்தும் என் மனத்தில் சிறிதும் மங்காமல் இருக்கிறது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. பாகாலா வழியாகச் செல்லும் மீட்டர் கேஜ் ரயிலில் திருப்பதிக்குப் போய், மலைமேல் முடி காணிக்கை செலுத்தி, தலையில் சந்தனத்தோடு பஸ்ஸில் கீழே இறங்கி வந்திருந்தோம். 1944ஆம் ஆண்டு மலைப்பாதை திறந்த பிறகு மலையேறும் பிரயாணம் பஸ்ஸுக்குரியதாகிவிட்டாலும், அலிபிரிக்கும் கபில தீர்த்தத்திற்கும் திருச்சானூருக்கும் யாத்ரிகர்களைச் சுமந்து சென்றவை அந்நாளில் பெரும்பாலும் ஜட்கா வண்டிகளே. ரயில் நிலையத்துக்கு வெளியே புளிய மரத்தடியில் வரிசையாக நின்ற வண்டிகளுள் ஒன்றை அணுகி, தாயாரைத் தரிசித்துவிட்டு மாலை ரயிலைப் பிடிக்க வேண்டுமென்ற அவசரத்தில் இருந்த என் தகப்பனார், திருச்சானூருக்கு வரும்படி கேட்டார். வண்டிக்காரர் வெண்தாடி வைத்த ஒரு சாயபு. அவர் வானத்தை ஒரு முறை அண்ணாந்து பார்த்துவிட்டு, "மூணு மணிக்கு மேலே எங்கே சொன்னாலும் வாரேன் சாமி, இப்ப பூட்டமாட்டேன்" என்றார். இரட்டிப்புக் கூலி தருவதாகத் தகப்பனார் சொன்னபோதும் அவர் இசையவில்லை. "இது வாயில்லா ஜீவன். வேணாம்னு அதுக்குச் சொல்லத் தெரியாது. அதுக்குப் பதிலா நான்தானே சொல்லணும்?" என்று சாந்தமாகவே சொன்னார். தகப்பனாருக்குக் கோபம் வந்தது. வேறு வண்டி பார்க்கத் திரும்பியவரை என் பாட்டி கையமர்த்தி, "அவர் சொல்றதுதான்டா நியாயம், இங்கேயே இருந்து போகலாம்" என்று சொல்லி, மரத்தடியில் துணியை விரித்து உட்கார்ந்துவிட்டாள். அவ்வாறு கிடைத்த மூன்று மணி நேரத்தில் நான் கற்றது, அவ்வயதில் எந்தப் பாடசாலையிலும் கற்கக் கிடைக்காத பாடம்.

குதிரை அப்போதுதான் ஒரு சவாரி முடித்து வந்திருந்தது. செம்பழுப்பு நிற மட்டக்குதிரை. கழுத்தில் வார் உராயும் இடத்திலும் பின்தொடைகளின் நடுவிலும் சோப்பு நுரைபோல வெண்ணுரை கட்டியிருந்தது. மூக்குத் துளைகள் அகல விரிந்து சுருங்கின. விலாப்புறம் துருத்திபோல ஏறி இறங்கியது. பெரியவர் முதலில் அதை வண்டியினின்று அவிழ்த்தார். பிறகு சேணம், வயிற்றுவார், கண்பட்டை, கடிவாளம் என்று ஒவ்வொன்றாகக் கழற்றி, வார் அழுந்திய இடங்களில் புண் உண்டோ என்று உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். உடனே நிற்க விடாமல் நிழலிலேயே மெல்ல நடத்தினார். ஒரு வாளியில் தண்ணீர் கொணர்ந்து, அதில் கைப்பிடி உப்பைக் கரைத்து, சிறிது குடிக்கவிட்டு, நிறுத்தி, மறுபடி குடிக்கவிட்டார். தோளருகே தோலை இரு விரலால் கிள்ளி இழுத்து விட்டு, அது எவ்வளவு விரைவில் சமனாகிறதென்று பார்த்தார். உதட்டைத் தூக்கி ஈற்றை விரலால் அழுத்தி, வெளுத்த இடம் மீண்டும் சிவக்கும் வரை கவனித்தார். பிறகு கந்தைத் துணியை நனைத்து முகத்தையும் கால்களையும் துடைத்து, தலைமேல் ஈரக் கோணி ஒன்றைப் போட்டார். கொள்ளைக் கண்ணிலேயே காட்டவில்லை; அது உஷ்ணமென்றும், ஊறவைத்ததை ராத்திரி கொடுப்பதாகவும் சொல்லி, புல்லுக்காரி போட்டுப் போன பச்சைப்புல் கட்டை மட்டும் அவிழ்த்துப் போட்டார். குதிரையின் மூச்சு ஒழுங்குக்கு வந்து அது தலை தாழ்த்திப் புல்லைக் கடித்த பிறகே, அவர் தம் துணி முடிச்சை அவிழ்த்துத் தாம் சாப்பிட உட்கார்ந்தார்.

அந்தப் பெரியவருக்குச் சாஸ்திரம் தெரியாது. ஆனால் அவர் செய்தவற்றுள் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் சாஸ்திரத்தில் ஆதாரம் உண்டு என்பதைப் பிற்காலத்தில் படித்தறிந்தேன். குதிரை உழைக்கும்போது அதன் தசைகள் செலவிடும் சக்தியில் பெரும்பகுதி உஷ்ணமாகவே வெளிப்படுகிறது. உடல் பெரிதாகவும் அதற்கு ஏற்ற அளவில் தோற்பரப்பு குறைவாகவும் இருப்பதால், அந்த உஷ்ணம் எளிதில் வெளியேறுவதில்லை. நாய் நாக்கைத் தொங்கவிட்டு இளைத்துத் தன் சூட்டைத் தணித்துக்கொள்ளும். குதிரையோ நம்மைப்போல வியர்வையையே பெரிதும் நம்பியிருக்கிறது. நான் கண்ட அந்த வெண்ணுரை, லாதெரின் என்னும் ஒரு புரதத்தால் உண்டாவது. எண்ணெய்ப் பசையுள்ள ரோமத்தினூடே வியர்வை சோப்பு நீர்போலப் பரவி விரைவில் ஆவியாவதற்கு இயற்கை செய்து வைத்த உபாயம் அது. கடுமையாக ஓடும் குதிரை ஒரு மணி நேரத்தில் பத்து லிட்டருக்கு மேலும் வியர்வையாக இழக்கக்கூடும். அதன் வியர்வை இரத்தத்தைக் காட்டிலும் உப்பு மிகுந்தது. நீரோடு உப்பும் சேர்ந்தே போய்விடுவதால், உடம்பு வற்றியிருந்தும் தாக உணர்ச்சி தோன்றாமல் வாளியைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும் குதிரைகள் உண்டு. கைப்பிடி உப்பின் தாத்பரியம் இதுதான்.

ஓய்ந்து நிற்கும் குதிரை நிமிஷத்திற்கு எட்டு முதல் பதினாறு முறை மூச்சு விடும். அதன் உடற்சூடு பாரன்ஹீட் கணக்கில் 99 முதல் 101.5 டிகிரி வரை இருக்கும். நிழலில் நின்றும் மூச்சு தணியாமலிருப்பதும், நடை தள்ளாடுவதும், எல்லாவற்றுக்கும் மேலாக வெயிலில் ஓடிய குதிரையின் தோல் வியர்க்காமல் வறண்டு சுடுவதும் அபாயத்தின் அறிகுறிகள். ஆங்கிலேயர் காலத்தில் குளிர் தேசங்களிலிருந்து இங்கே கொண்டுவரப்பட்ட உயர்ஜாதிக் குதிரைகளுள் சில, நாளடைவில் வியர்க்கும் சக்தியையே இழந்து துன்புற்றன. வியர்வை வெப்பதேசத்துக் குதிரைக்குப் பிராணாதாரம் என்பதற்கு வேறு சாட்சியம் வேண்டியதில்லை.

ஆயினும், பெரியவரிடம் நான் கண்ட ஒரு வழக்கம் மட்டும் திருத்தத்திற்குரியது. அங்கே விளையாடிக்கொண்டிருந்த பையன் ஒருவன் குடத்துத் தண்ணீரைக் குதிரையின் முதுகில் கொட்ட வந்தபோது, சூடான உடம்பில் குளிர்ந்த நீர் பட்டால் நரம்பு இழுத்துக்கொள்ளும் என்று அவர் பதறித் தடுத்தார். இந்த அபிப்பிராயம் அவருடையது மட்டுமன்று; உலகெங்கும் குதிரை வளர்ப்போர் தலைமுறை தலைமுறையாக நம்பி வந்தது. 1996இல் அட்லாண்டா நகரத்து ஒலிம்பிக் போட்டிகள் கடும் வெப்பமும் புழுக்கமும் உள்ள பருவத்தில் நடக்கவிருந்ததால், குதிரைகளைக் காப்பது எவ்வாறென்று அதற்கு முன்னரே விஞ்ஞானிகள் விரிவாக ஆராய்ந்தார்கள். உழைத்துச் சூடேறிய குதிரையின் மேல் குளிர்ந்த நீரைத் தாராளமாக, மீண்டும் மீண்டும் ஊற்றுவதால் தீங்கு நேர்வதில்லை என்பதும், உடற்சூட்டைத் தணிக்க அதைவிட விரைவான வழி இல்லை என்பதும் அப்போது தெளிவாயின. போட்டியின் தூரம் குறைக்கப்பட்டது. நீர்த்திவலையைத் தூவும் பெரிய விசிறிகள் நிறுத்தப்பட்டன. ஈரத்துணியை அப்படியே போட்டு வைத்தால் அது சூடேறி, ஒரு போர்வைபோலக் காற்றை மறைத்து நிற்கும். நீரை ஊற்றி, நடத்தி, காற்று படவிட்டு, மறுபடி ஊற்றுவதே உத்தமம். பெரியவர் இருந்திருந்தால் இதை அவரிடம் சொல்லியிருப்பேன். தம் குதிரைக்கு நன்மை என்று தெரிந்தால் எந்த நம்பிக்கையையும் மாற்றிக்கொள்ளக் கூடியவராகவே அவர் எனக்குத் தோன்றினார்.

குதிரை நம் மண்ணின் சொந்தப் பிராணி அன்று. சங்க காலத்திலேயே அது கடல் வழியாக வந்திறங்கியது. பாண்டிய மன்னர்கள் அரபு வணிகர்களிடம் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகளை வாங்கினார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்த மார்க்கோ போலோ, பராமரிக்கத் தெரிந்தவர் இல்லாமையால் அவற்றுள் மிகப் பல விரைவில் மடிந்துபோயின என்று எழுதி வைத்திருக்கிறார். பிற்காலத்தில் விஜயநகர அரசரும் ஹொர்முஸ் முதலிய துறைகளிலிருந்து வந்த குதிரைகளுக்குப் பொன்னைக் கொட்டினார்கள். அவ்வரசின் கடைசிக் காலத் தலைநகராகிய சந்திரகிரி திருப்பதிக்கு மிக அருகில் இருக்கிறது. அந்தக் கோட்டையைப் பார்க்கப் போகும்போதெல்லாம், அரசர்களின் பெயரைச் சரித்திரம் எழுதி வைத்திருக்கிறது, இந்தப் பாறை வெயிலில் குதிரைகளுக்கு நீர் சுமந்து ஊற்றியவர்களின் பெயரை எழுதவில்லையே என்று நினைத்துக்கொள்வேன். பொன்னால் குதிரையை வாங்கலாம். வெயிலில் அதைப் பிழைக்க வைப்பது பக்கத்தில் நிற்கும் மனிதனின் கருத்தும் கருணையுமே.

அந்தக் கருணையைச் சட்டமாக்க வேண்டுமென்று நம் நாட்டில் பாடுபட்டவர், நாட்டியக் கலைக்குக் கலாக்ஷேத்திரத்தைத் தந்த ருக்மிணி தேவி அருண்டேல். மாநிலங்களவை உறுப்பினராக இருந்து அவர் கொணர்ந்த மசோதாவின் பயனாகவே 1960ஆம் ஆண்டில் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. 1962இல் அமைந்த பிராணிகள் நல வாரியத்திற்கும் அவரே முதல் தலைவர். அச்சட்டத்தின் கீழ் 1965இல் வகுக்கப்பட்ட விதிகள், வண்டியிழுக்கும் பிராணியை ஒரு நாளில் மொத்தம் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கலாகாது, ஓய்வின்றித் தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வாங்கலாகாது, வெப்பம் 37 டிகிரி செல்சியஸைத் தாண்டும் இடங்களில் பகல் பன்னிரண்டு மணி முதல் மூன்று மணி வரை பூட்டவே கூடாது என்று கூறுகின்றன. இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. பன்னிரண்டு முதல் மூன்று வரை! எழுத்தறியாத ஒரு ஜட்காக்காரர் புளிய மரத்தடியில் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட நியமத்தை, ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் கழித்து, ஒரு தேசம் தன் விதியாக எழுதிக்கொண்டது.

ஆனால் விதி எழுதியவர்கள் ஒரு கணக்கை விட்டுவிட்டார்கள். அந்த மூன்று மணி நேரத்துக்கு விலை உண்டு. அதை யார் கொடுப்பது? அன்று மணி மூன்றானதும் பெரியவர் குதிரையைப் பூட்டி, எங்களைத் திருச்சானூருக்கு அழைத்துச் சென்று, மாலை ரயிலுக்குத் தவறாமல் கொண்டுவந்து சேர்த்தார். தகப்பனார் வழக்கமான கூலியை எடுத்து நீட்டினார். பாட்டி அவரைப் பார்த்து, "வெயில்ல போறதுக்கு ரெட்டிப்புத் தர வந்தியே, நிழல்ல நின்னதுக்குக் கொடு" என்றாள். தகப்பனார் ஒரு கணம் தயங்கிப் பின் அவ்வாறே கொடுத்தார். பெரியவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, குதிரையின் நெற்றியிலும் ஒரு முறை தொட்டு வைத்தார். குதிரையின் ஓய்வுக்கு ஆகும் நஷ்டம் முழுவதும் அன்றாடங் காய்ச்சியான வண்டிக்காரர் தலையிலேயே விழுமானால், எந்த விதியும் வெயிலில் நிலைக்காது என்பதை, பொருளாதாரம் படிக்காத என் பாட்டி அறிந்திருந்தாள்.

செல்வம் உள்ள இடத்துக் குதிரைக்கு இந்தக் கவலை இருந்ததில்லை. கிண்டியில் ஓடிய பந்தயக் குதிரைகள் சித்திரை பிறந்ததும் லாரி ஏறி உதகமண்டலத்துக்குச் சென்று, கோடை முழுவதும் குளிரில் ஓடின. உதகைக்குப் போக வழியில்லாத குதிரைகளுக்காகவே இதை எழுதுகிறேன். திருப்பதியில் ஜட்காக்கள் நின்ற இடத்தில் இப்போது ஆட்டோக்கள் நிற்கின்றன. 1955 முதல் அங்கே ஒரு கால்நடை மருத்துவக் கல்லூரி இருப்பதால், அறிவுக்கும் குறைவில்லை. ஆயினும் கோடை முகூர்த்தங்களில் கல்யாணச் சாரட்டை இழுத்துக்கொண்டும், பட்டுப் போர்வையும் ஜரிகையும் சுமந்துகொண்டும், தார்ச்சாலை அனலில் பாண்டு வாத்தியத்தின் நடுவே குதிரைகள் நிற்பதை நம் ஊர்கள் எல்லாவற்றிலும் இன்றும் காண்கிறோம். அந்தப் போர்வைக்குள் வியர்வை ஆவியாக வழியில்லை என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஆகையால், கோடையில் கல்யாணம் வைத்திருக்கும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். குதிரையை அழைத்தே தீர வேண்டுமென்றால் ஊர்வலத்தைப் பொழுது சாய்ந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். கனத்த போர்வையை வேண்டாமென்று சொல்லுங்கள். பந்தலின் நிழலில் அதற்கும் ஓரிடம் ஒதுக்கி, குடிக்க ஒரு வாளியும் மேலே ஊற்ற ஒரு வாளியுமாகத் தண்ணீர் வையுங்கள். குதிரைக்காரருக்கு, ஓடிய நேரத்துக்கு மட்டுமன்றி, குதிரையை நிழலில் நிறுத்தி வைத்த நேரத்துக்கும் கூலி கொடுங்கள்.