மாம்பழத்துப் புழுவும் ஆபிரிக்காவும்



வெளியில் நல்ல கறுத்தக்கொழும்பான், வெட்டினால் உள்ளே புழு. "இந்த ஈ எந்த நாட்டிலிருந்து வந்தது சேர்?" என்று தரம் 10இல் ஒரு பிள்ளை கேட்டாள்.

இந்தப் பக்கத்திலிருந்து போனது என்றுதான் நம்பப்படுகிறது மகள். 2003இல் கென்யாவில் ஒரு பழ ஈ பிடிபட்டது. சில வருடங்களில் ஆபிரிக்காவின் பல நாடுகளுக்குப் பரவி, மாம்பழ ஏற்றுமதியையே படுக்க வைத்தது. இலங்கையிலும் அதே ஈ இருக்கக் கண்டு, 2005இல் புது இனமென்று 'இன்வேடன்ஸ்' எனப் பெயர் வைத்தார்கள். ஆக்கிரமிக்கிறது என்று அர்த்தம். நம்முடைய வளவில் சும்மா பறந்ததற்கு வந்த பேரைப் பாருங்கள்!

பிறகு டீஎன்ஏயை ஒப்பிட்டார்கள், சோடி சேரவிட்டும் பார்த்தார்கள். ஊருக்கு ஊர் நிறத்திலும் பரம்பரையலகிலும் சின்னச் சின்ன வேறுபாடுகள், ஆனால் இனம் ஒன்றுதான். 2015இல் அந்தப் பெயரை நீக்கி, ஆசியாவின் பழைய 'பக்ட்ரோசெரா டோர்சாலிஸ்' உடனேயே சேர்த்துவிட்டார்கள்.

கண்டம் தாண்டிய ஈக்கு நம் மதில் எம்மாத்திரம்? விழுந்த பழத்துப் புழு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி, ஈயாக அடுத்த வளவுக்குப் போகும். விழுந்ததை அன்றன்றே பொறுக்கி, பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி வெயிலில் போடுங்கள். பக்கத்து வீட்டாருக்கும் சொல்லுங்கள்.