தோட்டத்துக்குக் கீழே ஓடும் மோட்டார்கள்

அரிசோனாவின் டூசான் நகரிலிருந்து வடக்கே 77ஆம் எண் நெடுஞ்சாலையில் ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர் போக வேண்டும். வலது கைப்பக்கம் சாண்டா கேட்டலினா மலைகள் கூடவே வருகின்றன. சாலையோரம் நிற்கும் சகுவாரோ கள்ளிகள் சாலை மேலேறும்போது குறைந்துகொண்டே போய், பிறகு வெறும் புதரும் கூழாங்கல்லும்தான். வழியில் கடைசியாகத் தென்பட்ட பெட்ரோல் பங்கில் ஒரு பாட்டில் தண்ணீர் இரண்டு டாலர். இரண்டாக வாங்கிக்கொண்டேன். காலை வெயிலே கார்க் கண்ணாடி வழியாக முழங்கையைச் சுட்டது.

திருப்பத்தில் இறங்கியதும் அது தெரிந்தது. வெள்ளை இரும்புச் சட்டங்களும் கண்ணாடியுமாக ஒரு பெரிய கட்டடம், பக்கத்திலேயே இரண்டு வெள்ளைக் குவிமாடங்கள். பயோஸ்பியர் 2. நுழைவுச் சீட்டு முப்பது டாலருக்கு அருகில். கூட வர வழிகாட்டி யாரும் இல்லை; செல்பேசிச் செயலி பேசுகிறது, ஆங்காங்கே தன்னார்வலர்கள் நிற்கிறார்கள்.

1991 செப்டம்பர் 26 அன்று நான்கு ஆண்களும் நான்கு பெண்களும் இதற்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் வெளியே வந்தார்கள். 1.27 ஹெக்டேர் நிலத்தின்மேல் மழைக்காடு, சிறு கடல், சவன்னா, சதுப்பு, பாலை, வயல் எல்லாம் உண்டு. மனிதன் செவ்வாயிலோ நிலவிலோ குடியேறினால் காற்றையும் சோற்றையும் தானே செய்துகொள்ள முடியுமா என்று பார்க்கும் ஒத்திகை இது. ஜான் ஆலன் என்பவர் கனவு கண்டார், டெக்சஸ் எண்ணெய்ப் பணக்காரக் குடும்பத்து எட் பாஸ் 15 கோடி டாலருக்கு மேல் கொட்டினார். இப்போது அரிசோனா பல்கலைக்கழகத்தின் கையில் இருக்கிறது. இதை ஒரு கேலிக்கூத்து என்று எழுதியவர்களும் உண்டு, மகத்தான சாதனை என்றவர்களும் உண்டு. இரண்டையும் படித்துவிட்டுத்தான் போனேன்.

முதலில் குடியிருப்பும் சமையலறையும். பளபளப்பெல்லாம் ஒன்றுமில்லை, எட்டுப் பேர் சமைத்துச் சாப்பிட ஏற்ற சாதாரண அடுக்களை. ஆனால் இங்கே சமைத்த ஒவ்வொரு கவளமும் பக்கத்து வயலில் விளைந்தது. ஒரு பீட்ஸா வேண்டுமென்றால் கோதுமை விதைத்து, அறுத்து, அரைத்து, ஆட்டுப்பாலில் சீஸ் செய்து, மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மற்ற நாட்களில் வாழைப்பழம், பீட்ரூட், சர்க்கரைவள்ளிக்கிழங்கு. கிழங்கைத் தின்று தின்று சிலருக்குத் தோலே ஆரஞ்சு நிறத்துக்கு மாறிவிட்டதாம். குழுவில் ஒருவரான ஜேன் பாய்ண்டர் நெல்லடிக்கும் இயந்திரத்தில் விரல் நுனியை இழந்து, அறுவை சிகிச்சைக்காகச் சில மணி நேரம் வெளியே போய்வந்தார். திரும்பி வரும்போது கையில் ஒரு பையும் வந்ததைப் பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. ஏமாற்று என்று ஊரே பேசியது. எனக்கென்னவோ அந்தப் பையைவிட அவர்கள் பசியில் இருந்ததுதான் பெரிய செய்தியாகப் படுகிறது. முதல் ஆண்டில் எல்லோரும் மெலிந்தார்கள். உள்ளே இருந்த மருத்துவர் ராய் வால்ஃபோர்ட், குறைவாக உண்டால் நெடுநாள் வாழலாம் என்று ஆராய்ந்துகொண்டிருந்தவர், அதையும் ஒரு சோதனையாக்கிக்கொண்டார்.

அந்த வயலைப் பார்க்கப் போனால் வயல் இல்லை. மூன்று உயர்ந்த வளைகூரைகளின் கீழே, ஒவ்வொன்றிலும் ஒரு கரிய சரிவு. முப்பது மீட்டர் நீளம், பதினொரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் ஆழத்துக்கு நொறுக்கிய எரிமலைப் பாறை. பழைய வளமான மண்ணை அள்ளி எறிந்துவிட்டு, வட அரிசோனாவிலிருந்து பசால்ட் கல்லைக் கொண்டுவந்து பொடித்துக் கொட்டியிருக்கிறார்கள். மேலே குழாய்களிலிருந்து மழை பெய்யும். உள்ளே ஒவ்வொரு சரிவிலும் 1,800க்கும் மேற்பட்ட உணரிகள் புதைந்திருக்கின்றன. நீர் எங்கே போகிறது, கல் எப்படிக் கரைகிறது என்று கணக்கெடுக்கின்றன. உயிரில்லாத கல் எப்படி மண்ணாகிறது என்பதுதான் கேள்வி.

இங்கேதான் அதிக நேரம் நின்றேன். மற்றவர்கள் ஒரு படம் எடுத்துவிட்டு நகர்ந்தார்கள். பார்க்க ஒன்றுமில்லைதான், கருங்கல் தூள். ஆனால் செவ்வாயின் தரையும் பெரும்பாலும் பசால்ட்தான். நிலவிலிருந்து வந்த மண்ணில் 2022இல் புளோரிடா விஞ்ஞானிகள் ஒரு சிறு கடுகினச் செடியை முளைக்க வைத்தார்கள். முளைத்தது, ஆனால் நலிந்தே வளர்ந்தது. 2024 கடைசியில் இஸ்ரோ விண்ணுக்கு அனுப்பிய தட்டைப்பயறும் நான்கு நாளில் முளைவிட்டது. முளைப்பது விதைக்குள் இருக்கும் சாப்பாட்டை வைத்து நடப்பது. அதற்கப்புறம் வேர் இறங்க மண் வேண்டும். மண் என்றால் கல்தூள் மட்டுமில்லை; பூஞ்சை, பாக்டீரியா, மக்கிய இலை எல்லாம் சேர்ந்தது. அதைச் செய்யப் பூமிக்கு எவ்வளவு காலம் ஆனது என்பதை நினைத்தால் இந்த மூன்று சரிவுகளின் பொறுமை புரிகிறது.

பழைய வயலில் நேர்மாறான சங்கடம். மண் அதிகக் கொழுப்பாக இருந்தது. இரண்டு ஆண்டுக்கும் அதற்கப்பாலும் விளைய வேண்டுமென்று மக்கு உரத்தைத் தாராளமாகச் சேர்த்திருந்தார்கள். அந்த மண்ணிலிருந்த நுண்ணுயிர்கள், உள்ளே இருந்த ஆக்சிஜனை விழுங்கின. 20.9 சதவீதத்திலிருந்து பதினாறு மாதத்தில் 14 சதவீதத்தை ஒட்டி இறங்கிவிட்டது. 4,000 மீட்டர் உயர மலையில் வசிப்பதற்குச் சமம். மாடிப்படி ஏறினால் மூச்சிரைக்கும். ஒரு நீண்ட வாக்கியத்தைப் பேசி முடிக்க நடுவில் நிறுத்த வேண்டியிருந்தது. 1993 ஜனவரியில் லாரியில் திரவ ஆக்சிஜன் வரவழைத்து உள்ளே செலுத்தினார்கள். இதில் ஒரு புதிர் இருந்தது. நுண்ணுயிர் ஆக்சிஜனைத் தின்றால் அதே அளவுக்குக் கார்பன் டை ஆக்சைடு பெருக வேண்டும். அவ்வளவு பெருகவில்லை. எங்கே போனது? விடையைக் கீழ்த்தளத்தில் பார்த்தேன்.

அதற்கு முன் மழைக்காடு. கதவைத் தாண்டியதும் மூக்குக்கண்ணாடி பனித்து மறைத்தது. ஈரமண், அழுகிய இலை, எங்கோ சொட்டும் நீர். மேலே பார்த்தால் கூரை வரை இலைகள். அந்த நாட்களில் கார்பனை உறிஞ்சட்டும் என்று விட்டிருந்த கொடிகள் மரங்களை மூடிக் கொல்லப் பார்த்ததால், பசியில் இருந்த எட்டுப் பேரும் அவற்றை வெட்டிக்கொண்டே இருந்தார்களாம். காற்றடிக்காத காட்டில் தண்டு வலுக்காது என்பதும் இங்கே தெரிய வந்த பாடம்தான். காற்று அசைத்து அசைத்துத்தான் மரம் கட்டை இறுகும். இங்கே நெட்டையாக வளர்ந்து தாமாகச் சாய்ந்தன. செவ்வாய்க்கு மரம் கொண்டுபோகிறவர் மின்விசிறியும் கொண்டுபோக வேண்டும்.

கடல் என்று சொல்வது இருபத்தாறு லட்சம் லிட்டர் கொள்ளளவுள்ள ஒரு தொட்டி. அலை எழுப்ப இயந்திரம். கரையில் நின்றால் உப்பு வாசம் நிஜமாகவே வருகிறது. சவன்னாவில் நடைபாதை குறுகல், புல் காய்ந்திருந்தது. பாலையில் கள்ளிகள் சௌகரியமாக இருந்தன. ஒரு கண்ணாடிக்கு அப்பால் அசல் பாலையும் இருந்தது. தேனீயும் ஹம்மிங் பறவையும் அந்த இரண்டு ஆண்டுகளில் செத்துப்போயின. கரப்பானும், அங்குமிங்கும் வெறிபிடித்து ஓடும் ஒரு வகை எறும்பும் செழித்தன. அவற்றை யாரும் அழைத்து வரவில்லை. கைப்பிடிக் கம்பியில் ஒரு எறும்பு வரிசை போவதை நானும் பார்த்தேன். அதே இனமா என்று கேட்டதற்குப் பக்கத்தில் நின்ற தன்னார்வலர் சிரித்தார்.

பிறகு இரும்புப் படிகளில் கீழே இறங்கினேன். பசுமை, ஈரம், பறவைப் பேச்சு எல்லாம் ஒரு கதவோடு முடிந்தது. குழாய், விசிறி, பம்பு, மின்கம்பித் தட்டுகள். சத்தத்தில் செயலி சொல்வது காதில் விழவில்லை. மேலே இருந்த ஒவ்வொரு காட்டுக்கும் கீழே அதைக் குளிர்விக்கவும் சூடேற்றவும் ஈரப்படுத்தவும் இயந்திரங்கள் வரிசையாக நிற்கின்றன. செயலியில் மேல்தளத்துக்குத்தான் நிறையப் படங்கள் வைத்திருக்கிறார்கள். என் கண்ணுக்கு இந்தக் கீழ்த்தளம்தான் பயோஸ்பியர். இந்த வெயிலில் கண்ணாடிப் பெட்டிக்குக் குளிரூட்டல் நின்றால் மேலே இருப்பதெல்லாம் வெந்துவிடும். அதற்கான மின்சாரம் உள்ளே விளையவில்லை. வெளியே இயற்கை எரிவாயுவை எரித்து உண்டாக்கினார்கள். இதை யாரும் மறைக்கவில்லை. ஆனால் ‘தன்னிறைவு’ என்று யாராவது சொன்னால் இந்தப் படியில் அவரை ஒரு முறை இறக்கிவிட வேண்டும்.

காணாமல்போன கார்பனும் இங்கேதான். சுவர்கள் கான்கிரீட். உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். சொரசொரப்பு, லேசான ஈரம். புதுக் கான்கிரீட்டில் இருக்கும் கால்சியம் ஹைட்ராக்சைடு, காற்றிலிருந்த கார்பன் டை ஆக்சைடைப் பிடித்துச் சுண்ணாம்புக் கல்லாக்கிக்கொண்டது. அந்த கார்பனோடு ஆக்சிஜனும் சுவரில் பூட்டப்பட்டது. செடிகள் அதைத் திருப்பி எடுக்க வழியில்லை. சுவரில் துளையிட்டு மாதிரி எடுத்துச் சோதித்துக் கொலம்பியா பல்கலைக்கழகத்தினர் இதைக் கண்டுபிடித்தார்கள். காடு, கடல், வயல் என்று ஆயிரக்கணக்கான உயிரினங்களைத் தேர்ந்தெடுத்தவர்கள், சுவரும் மூச்சு விடும் என்பதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

அங்கிருந்து ஒரு சுரங்கப் பாதை. முடிவில் நுரையீரல் என்று அவர்கள் அழைக்கும் குவிமாடம். பகலில் உள்ளே காற்று சூடேறி விரியும். போக இடமில்லாவிட்டால் கண்ணாடி உடையும். அதனால் பெரிய ரப்பர்ச் சவ்வின் நடுவே கனமான உலோக வட்டைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். பகலில் அது மேலெழும், இரவில் இறங்கும், கொல்லன் துருத்தியாட்டம். வெளிக்கதவைத் திறந்ததும் முதுகில் பலமான காற்று தள்ளியது; தொப்பி பறந்தது. முழு நாளில் பார்த்ததிலேயே எளிய, புத்திசாலித்தனமான சாமான் இதுதான் என்று நினைக்கிறேன்.

வெயிலில் வந்து நின்றபோது எதிரே சிறியதாக இன்னொரு கண்ணாடிக் கூடம். 1987இல் முதலில் கட்டிய சோதனைக் கூடம். பெரிய கட்டடம் எழுவதற்கு முன் இதற்குள்தான் ஒவ்வொருவராக அடைபட்டுப் பார்த்தார்கள். இப்போது அதைச் ‘சாம்’ என்ற பெயரில் நிலவு, செவ்வாய் ஒத்திகைக்குப் பழுது பார்த்திருக்கிறார்கள். 2023 முதல் சிறு குழுக்கள் சில நாட்கள் அடைந்து கிடந்து, செடி வளர்த்து, விண்வெளி உடையில் வெளியே நடந்து பழகுகின்றன. நாட்கள்தான், ஆண்டுகள் இல்லை. எனக்கு அந்த அடக்கம் பிடித்திருந்தது.

செவ்வாய் முழுவதையும் பச்சையாக்கலாம் என்று பேசுகிறவர்கள் இப்போதும் உண்டு. அங்கே காற்றழுத்தம் இங்கே இருப்பதில் ஒரு சதவீதம்கூட இல்லை. கிரகத்தைச் சூடாக்கும் அளவுக்குக் கைக்கெட்டும் கார்பன் டை ஆக்சைடு அங்கே இல்லை என்று விஞ்ஞானிகள் புரூஸ் ஜகோஸ்கியும் கிறிஸ்டோபர் எட்வர்ட்ஸும் 2018இல் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். மண்ணில் பெர்குளோரேட் என்ற நச்சு உப்பு இருப்பதை 2008இலேயே ஃபீனிக்ஸ் கலம் கண்டது. ஆக, எஞ்சுவது கண்ணாடிக்குள் தோட்டம்தான். அரிசோனா வெயிலிலேயே இந்தக் கண்ணாடியும் சட்டங்களும் வெளிச்சத்தில் பாதியளவைத் தடுத்துவிட்டன. அந்த இரண்டு ஆண்டுகளில் எல் நினோ மேகமும் சேர்ந்துகொண்டது, விளைச்சல் சுருங்கியது. செவ்வாய்க்கு வந்து சேரும் சூரிய ஒளியே பூமிக்கு வருவதில் 43 சதவீதம். எட்டுப் பேருக்கு இங்கே கால் ஹெக்டேர் வயலே முழு வயிறு நிரப்பப் போதவில்லை. அங்கே எத்தனை மடங்கு நிலம், அதற்குக் கீழே எத்தனை மோட்டார் என்று கார் வரை நடந்தபடி கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டாவது தண்ணீர் பாட்டிலும் அதற்குள் காலி.