நினைப்பாரற்றவர்க்கும் ஒரு நாள்

தென்காசிக்குப் பிரயாணம் செய்ய விரும்புவோர் பெரும்பாலும் ஆனி, ஆடி மாதங்களையே தேர்ந்தெடுக்கிறார்கள். ஆரியங்காவுக் கணவாய் வழியே சாரல் வந்து, குற்றாலத்து அருவிகள் பொங்கிப் பாயும் காலம் அது. ஆனால் ஐப்பசி மழையில் அவ்வூருக்குச் செல்கிறவர்களுக்கு வேறொரு காட்சி காத்திருக்கிறது.

நவம்பர் 1-ந் தேதி கத்தோலிக்கர்களுக்குச் சகல அர்ச்சியசிஷ்டர்களின் திருநாள். மறுநாள் சகல ஆத்துமாக்களின் திருநாள். ஜனங்களின் வழக்கில் கல்லறைத் திருநாள். பிரான்சு, பிலிப்பைன்ஸ் முதலிய தேசங்களில் முதல் நாள் பொது விடுமுறை. நம் ராஜ்யத்தில் விடுமுறை கிடையாது. ஆயினும் கத்தோலிக்கக் குடும்பங்கள் முன்கூட்டியே கல்லறைத் தோட்டத்துக்குச் சென்று புல்லைச் செதுக்கிச் சுண்ணாம்பு பூசிவிடுகின்றன. கல்லறைத் திருநாளன்று சமாதிகளின்மேல் பூவும் மெழுகுவர்த்தியுமாக இருக்கும். குருவானவர் தீர்த்தம் தெளித்து மந்திரித்துச் செல்வார். மழைத் தூற்றலில் சுடர் அணைய அணைய, ஜனங்கள் பொறுமையோடு மறுபடியும் ஏற்றுகிறார்கள்.

இத்திருநாட்கள் தோன்றிய காரணம் சிந்திக்கத் தக்கது. வேதத்துக்காக உயிர் கொடுத்தவர்கள் எண்ணிறந்தவர்கள். வருஷத்துக்கோ 365 நாட்களே. பெயர் தெரிந்தவர்களுக்குத் தனித்தனித் திருநாள் உண்டு. தெரியாதவர்களை என்ன செய்வது? அவர்கள் அனைவருக்குமாக ஒரு நாள் ஏற்பட்டது. 8-ம் நூற்றாண்டில் மூன்றாம் கிரகோரியார் என்னும் பாப்பரசர் ரோமாபுரியில் சகல அர்ச்சியசிஷ்டர்களுக்கென ஒரு சிற்றாலயம் அமைத்தார். 1000-ம் ஆண்டையொட்டி, பிரான்சு தேசத்துக் குளூனி மடத்தின் தலைவர் ஓதிலோ, இறந்த எல்லா விசுவாசிகளுக்காகவும் நவம்பர் 2-ந் தேதி பிரார்த்திக்கும்படி தம் மடங்களுக்குக் கட்டளையிட்டார். தமக்காக வேண்டிக்கொள்ள ஒருவருமில்லாத ஆத்துமாக்களும் இதில் அடங்கினர்.

இக்கருத்து நமக்குப் புதிதன்று. தென்காசிக்கு மேற்கே சிறிது தூரத்திலுள்ள குற்றாலத்தில், ஆடி அமாவாசையன்று ஆயிரக்கணக்கானோர் அருவியில் நீராடிப் பிதிர்களுக்குத் தர்ப்பணம் செய்கிறார்கள். தந்தை வழி, தாய் வழி என்று முறையாக எள்ளும் நீரும் இறைத்த பிறகு, கடைசியில் இன்னொரு முறை நீர் வார்ப்பது உண்டு. தாயோ, தந்தையோ, சுற்றமோ, நீர் வார்க்க ஆளோ இல்லாதவர்கள் திருப்தியடையட்டும் என்பது அதன் கருத்து. அங்கே மெழுகுவர்த்தி, இங்கே ஒரு கை நீர். நெஞ்சின் ஈரம் ஒன்றே.

தென்காசிக் கோயிலிலோ இதற்கு நேர் எதிர்த் திசையில் ஒரு வணக்கம் இருக்கிறது. 15-ம் நூற்றாண்டில் விசுவநாதர் ஆலயத்தை எடுப்பித்த பராக்கிரம பாண்டியன், பிற்காலத்தில் இக்கோயிலுக்குக் குறை நேருமாயின் அதைச் சீர்செய்து காப்பவர் எவராயினும் அவரை இப்போதே பணிவதாகக் கல்லில் பொறித்து வைத்தான். அவன் அஞ்சியபடியே குறை நேர்ந்தது. இராஜகோபுரம் சிதைந்து, பல தலைமுறைக் காலம் மொட்டையாய் நின்றது. ஏறக்குறைய 180 அடி உயரத்துக்கு அது மறுபடி எழுந்து கும்பாபிஷேகம் கண்டது 1990-ல். கல்லும் சுதையும் சுமந்த கூலியாட்களின் பெயர்களை யார் அறிவார்? பிறவாத அவர்களை ஓர் அரசன் முன்பே வணங்கிவிட்டான்.

பள்ளிக்கூடத்தில் நாங்கள் அரசர்களின் பெயர்களையும் வருஷங்களையும் மாணவர்களை நெட்டுருப் பண்ணச் சொல்லுகிறோம். தேச விடுதலைக்காகச் சிறை சென்று மடிந்தவர்களிலும் பெயர் பெற்ற சிலரைத்தான் சொல்லிக் கொடுக்கிறோம். மற்றவர்களுக்குப் பாடப் புத்தகத்தில் இடமில்லை. பிள்ளைகள் பிழைப்புக்காகத் தூரதேசங்களுக்குப் போய்விட்ட இந்நாளில், புல் செதுக்க ஆளில்லாத சமாதிகளும் ஊருக்கு ஊர் பெருகி வருகின்றன.

கல்லறைத் தோட்டத்தில் சிலர் தம் குடும்பத்துச் சமாதிகளுக்கு விளக்கேற்றி முடித்த பின், மிஞ்சிய மெழுகுவர்த்தியை அருகே பெயரழிந்து கிடக்கும் மேட்டின்மேல் நட்டு ஏற்றிவிட்டுப் போவதுண்டு. யாருடைய சமாதி என்று அவர்கள் கேட்பதில்லை. ஐப்பசியில் குற்றாலம் செல்லும் அன்பர்கள், அருவியில் நீராடிவிட்டுத் திரும்பும் வழியில் இதையும் பார்த்து வரலாம்.