மறைத்து விற்கலாமா?

டொராண்டோவில் எங்கள் பழைய காரை விற்க எண்ணியிருந்தோம். அதன் ஹீட்டர் விசிறி சில நாள் சுழலும். சில நாள் நின்றுவிடும். டேஷ்போர்டின் அடியில் தட்டினால் மீண்டும் ஓடும். காரைப் பார்க்க வந்த இளம் தம்பதியர் முன் அது ஒழுங்காகவே ஓடியது. நாங்களும் வாய் திறக்கவில்லை.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. பனிக்காலத்தில் அந்த விசிறி நின்றால் குளிர் மட்டுமன்று, முன்கண்ணாடியில் படியும் ஈரப்படலமும் விலகாது, சாலையே தெரியாது. அவர்களுக்குக் கைக்குழந்தை வேறு. குறையை மறைத்து விற்கக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தருபவர்கள் நாங்கள்தாமே!

ஃபஜ்ருத் தொழுகைக்குப் பின் சற்று விடிந்ததும் அவர்களை அழைத்து உண்மையைச் சொன்னோம். சரிசெய்து தருவதாகவும் வாக்களித்தோம்.

விசிறி நின்றிருந்த வேளையில் மோட்டாருக்குச் செல்லும் இணைப்பைச் சோதித்தோம். மின்சாரம் வந்தது, பழுது மோட்டாரில்தான். உள்ளிருக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்தால், தட்டினால்தான் ஓடும். பேட்டரி இணைப்பைக் கழற்றி, பயணியின் முன்னுள்ள சிறு பெட்டியை எடுத்தோம். பின்னால் மூன்று திருகுகள். மோட்டார் இறங்கியபோது, விசிறிக்குள் சிக்கியிருந்த மேப்பிள் சருகுகள் மடியில் கொட்டின. புதியதைப் பொருத்த ஒரு மணி நேரமே ஆயிற்று. இதற்காகவா இரண்டு குளிர்காலம் தட்டித் தட்டி ஓட்டினோம் என்று வெட்கினோம்.

பேசிய விலையை உயர்த்தவில்லை. அல்ஹம்துலில்லாஹ், மனத்தில் பாரமின்றிச் சாவியைக் கொடுத்தோம்.