அமானிதம் கைமாறுவதில்லை



தெருவிளக்கு எரியாவிட்டாலும், குடிநீர் வராவிட்டாலும், சாக்கடை நிரம்பி வழிந்தாலும் நாம் முதலில் தேடிச் செல்வது வார்டு உறுப்பினரின் வீட்டைத்தான். மக்களுக்கு மிக அருகில் இருக்கும் பதவி அது. வாக்களித்த மக்கள் ஒருவரிடம் ஒப்படைத்த அமானிதமும் அதுவே.

1993-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சாசனத் திருத்தங்கள் உள்ளாட்சி இடங்களில் மூன்றில் ஒரு பங்கைப் பெண்களுக்கு உறுதி செய்தன. 2016-இல் தமிழ்நாடு அதனைப் பாதியாக உயர்த்தியது. 2022 பிப்ரவரியில் நடைபெற்ற நகர்ப்புறத் தேர்தலில் நம் சகோதரிகள் பலரும் வென்று உறுப்பினர்களாயினர்.

ஆயினும் பல ஊர்களில், ‘கவுன்சிலர்’ என்று மக்கள் அழைப்பது அச்சகோதரியின் கணவரைத்தான். மனுக்களை வாங்குபவர் அவர். அதிகாரிகளுடன் பேசுபவரும் அவரே. சகோதரியின் பங்கு கையொப்பத்துடன் முடிந்துவிடுகிறது. இதனை மார்க்கப் பேணுதல் என்று நியாயப்படுத்துவோரும் உளர்.

பேணுதல் என்பது ஆடையிலும் பேச்சிலும் நடத்தையிலும் காக்கப்படுவது. ஏற்ற பொறுப்பைப் பிறரிடம் விட்டுவிடுவது அன்று. ஹுதைபிய்யாவில் உடன்படிக்கை கையெழுத்தான பின், பலியிட்டுத் தலைமுடி களையுமாறு நபி (ஸல்) அவர்கள் கூறியும், கவலையில் ஆழ்ந்திருந்த தோழர்கள் தயங்கி நின்றனர். அப்போது வழி சொன்னவர் அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்கள். அந்த ஆலோசனையை நபியவர்கள் ஏற்றுச் செயல்பட, தோழர்களும் பின்பற்றினர். ஒரு சமுதாயமே திகைத்து நின்ற வேளையில் ஒரு பெண்ணின் கருத்துக்குக் கிடைத்த மதிப்பு அது.

மன்றக் கூட்டத்தில் அமர்ந்து பேசவும் வாக்களிக்கவும் சட்டம் உரிமை அளித்திருப்பது தேர்ந்தெடுக்கப்பட்டவருக்கே; அவருடைய கணவருக்கு அன்று. ஒவ்வொருவரும் தத்தம் பொறுப்பைக் குறித்து விசாரிக்கப்படுவர் என்பது நபிமொழி நமக்குத் தரும் எச்சரிக்கை. ஒருவரின் சுமையை மற்றவர் சுமக்க இயலாத அந்நாளில், ‘என் கணவர் பார்த்துக்கொண்டார்’ என்ற பதில் எப்படிச் செல்லும்?

ஆகவே மனுக்களை உறுப்பினரின் பெயருக்கே எழுதி, அவரிடமே கொடுப்போம். தண்ணீர்க் குடத்தோடு காத்திருக்கும் நம் வீட்டுப் பெண்கள் தங்கள் குறையைத் தாங்களே சென்று கூறட்டும். ஒரு பெண் உறுப்பினரிடம் தயக்கமின்றிப் பேச அவர்களால் இயலும். கணவர் துணைக்குச் செல்லலாம். கூட்ட நாளில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளலாம். அதுவும் நன்மையான பணியே. முடிவு மட்டும் சகோதரியுடையதாக இருக்கட்டும். ஜமாஅத் நிர்வாகிகளும் வார்டுப் பிரச்சினைகளை அவரிடமே நேரில் எடுத்துரைக்கட்டும்.

அந்த வார்டில் வாழும் பிற சமய மக்களும் அவருக்கு வாக்களித்தவர்களே. அவர்களுடைய தெருவுக்கும் அவர் நேரில் சென்று நிற்கும்போதுதான் அந்த அமானிதம் நிறைவேறும்.

நம் சகோதரிகளுக்கு அல்லாஹ் நாவன்மையையும் நேர்மையையும் தந்தருள்வானாக. ஆமீன்.