நன்றிப் பகுதியில் ஒரு வரி

1981-க்கு முன்னால், மலேசியாவின் பல செம்பனைத் தோட்டங்களில் மகரந்தச் சேர்க்கை என்பது கைவேலை. நெகிரி செம்பிலானில், பகாவ் பக்கத்துத் தோட்டமொன்றில் என் பாட்டி அதைச் செய்தார். ஆண் பூவின் தூளை டால்கம் பவுடரோடு கலந்து, விரிந்த பெண் பூவைத் தேடித்தேடி அடிக்க வேண்டும். அந்த ஆண்டு, பூச்சியியலாளர் ரஹ்மான் சையத்தின் ஆய்வைத் தொடர்ந்து, கேமரூனிலிருந்து எலைடோபியஸ் கேமரூனிகஸ் என்ற சின்ன வண்டு வந்தது. கைவேலை பெரும்பாலும் தேவையில்லாமல் போனது.

முதுகலையில் நான் ஆராய்ந்தது அந்த வண்டைத்தான். மாநாட்டில் போஸ்டர் முன்னால் நிற்பது மேடைப் பேச்சு மாதிரி இல்லை. வருகிறவர் இரண்டு நிமிடம் தருவார், குறுக்கே கேள்வி கேட்பார். ஒத்திகைக்குப் பாட்டியிடம் விளக்கினேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "வண்டுக்கு இவ்ளோ பெரிய படம் போட்டிருக்க. இதுல நாங்க எங்க இருக்கோம்?" என்றார்.

நன்றிப் பகுதியில், நிதி தந்தவர்களுக்குக் கீழே, 'வண்டுக்கு முன் இந்த வேலையைச் செய்த தோட்டப் பெண்களுக்கு' என்று சேர்த்தேன்.

பரிசு கிடைத்தது. நடுவர்கள் மதிப்பெண் போட்டது வரைபடங்களுக்கு, அது சரிதான். ஆனால் அந்த வரியைக் காட்டி "யார் இவங்க?" என்று கேட்டவர்களிடம்தான் இரண்டு நிமிடத்துக்கு மேல் பேசினேன்.

எந்தப் பூ இன்று விரியும், எது நாளைக்கு என்று பார்த்தே சொன்னவர்கள் அவர்கள். அதுவும் தரவுதான். கேட்டு எழுதிக்கொள்ளப் பாட்டி வயதுக்காரர்கள் கொஞ்சம் பேர்தான் மிச்சம்.